பின் என்பது யாருக்குப் பின்?

யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டி மலர்க்குழுவார் எனக்கு எழுதிய கடிதத்தில், கல்லூரி நாட்களைச் சற்றே பின்னோக்கிப் பார்த்து எழுதுமாறு கேட்டிருந்தனர். பின்னோக்கிப் பார்க்கச் சொன்னால் மற்றையோர் துடுப்பாட்டப் போட்டிகளையும், நவராத்திரி விழாக்களையும், விடுதிச் சாப்பாட்டையும் நினைப்பர். எனக்கோ "பின்" என்னும் அச்சொல்லே முதலில் நினைவுக்கு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. இக்கல்லூரியில் யான் பெற்ற முதலாவது தேர்ச்சி அறிக்கையில், ஆங்கிலம் என்ற பாடத்துக்கு நேரே, சிவப்பு மையினால் ஒரே ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. "பாக்வேட்" என்பதே அச்சொல். பரிசு பெற்றோர் பலர் இம்மலரில் எழுதுவர். அவர்களுக்கு நடுவே, அந்தச் சொல்லைப் பெற்றவன் ஒருவனும் எழுதுவது தகும் என்று எண்ணியே பேனாவை எடுத்தேன்.

அது 1957ஆம் ஆண்டு. கிராமத்துச் சைவப் பாடசாலையில் படித்துவிட்டு இங்கு வந்து சேர்ந்த எனக்கு ஆங்கிலம் கண்கட்டு வித்தையாகவே இருந்தது. பட்டினத்துப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைப்பதற்குக்கூட ஆங்கிலத்தையே கையாண்டனர். என் தந்தையார் புகையிலைத் தோட்டஞ் செய்பவர், ஆங்கிலம் அறியாதவர். அறிக்கையை அவர் மடித்து மடியிற் செருகிக்கொண்டு, புகையிரதப் பகுதியில் வேலைபார்த்து இளைப்பாறியிருந்த அயலவர் ஒருவரிடம் என்னையும் அழைத்துச் சென்றார். அவர் கண்ணாடியை அணிந்து நெடுநேரம் பார்த்தபின், "பெடியன் இங்கிலீசிலை பின்னுக்கு நிக்கிறான் எண்டு எழுதியிருக்கு" என்றார்.

தந்தையார் சிறிது யோசித்தார். பின்பு, "ஆருக்குப் பின்னாலை, ஐயா?" என்று கேட்டார்.

"அதை எழுதேல்லை" என்றார் அயலவர்.

வீடு திரும்பும்போது தந்தையார் என்னை ஏசவில்லை. பேசாமற் சென்று துலாவில் ஏறினார். துலா மிதிப்பவர் முன்னும் நடப்பார், பின்னும் நடப்பார். இரண்டு நடையும் சேர்ந்தே கிணற்றுநீர் மேலே வரும். அன்று யான் அதைக் கண்ணால் மட்டுமே கண்டேன், கருத்திற் கொண்டேனல்லன்.

மறுநாள் மதிய இடைவேளையில் யாரும் அறியாமல் நூலகத்துள் நுழைந்து, அந்தச் சொல்லின் முழுப்பொருளையும் காண அகராதியைத் தேடினேன். அப்பொழுது நூலகத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் மேல்வகுப்புக்களுக்கு ஆங்கிலங் கற்பித்த ஆசிரியர் ஒருவர். வேட்டியும், கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டும், தோளிற் சால்வையுமாக எப்பொழுதும் காணப்படுவார். அவர் என் கையிலிருந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தார். ஆறுதல் ஒன்றுங் கூறினாரல்லர். அலுமாரியைத் திறந்து, கேம்பிறிட்ஜ் பேராசிரியர் ஸ்கீற் என்பவர் இயற்றிய ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியை எடுத்து மேசைமேல் வைத்தார். 1879ஆம் ஆண்டு தொடக்கம் 1882ஆம் ஆண்டு வரையில் பகுதி பகுதியாக வெளிவந்த நூல் அது. சொல்லுக்குப் பொருள் கூறும் நூல்களையே அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். சொல்லுக்குக் குலமுறை கிளத்தும் நூலும் உண்டென்பதை அன்றே அறிந்தேன்.

அவர் அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். முன்னுறுப்பாகிய "பாக்" என்பது முதுகு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆங்கிலேயரும் முதுகை ஏறக்குறைய அவ்வாறே வழங்கினர். பின்னுறுப்பாகிய "வேட்" என்பதற்குத் திரும்பியிருத்தல் என்பது பழம்பொருள். திருப்புதலைக் குறிக்கும் இலத்தீன் வினையாகிய "வெர்த்தெரே" என்பதும், வடமொழியின் "விருத்" என்னுந் தாதுவும் இதற்கு உறவு. மிருதங்க வகுப்பிலே தாளம் ஒருமுறை சுற்றி வருவதை ஆவர்த்தனம் என்கிறோமே, அதுவும் அந்த வடமொழித் தாதுவிற் பிறந்ததே.

"ஆகவே, தம்பி, இந்தச் சொல் நீர் எங்கே நிற்கிறீர் என்று சொல்லவில்லை. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறீர் என்றே சொல்கிறது. திரும்பி நிற்பவன் மறுபடியுந் திரும்பலாம்" என்றார்.

அன்றே வேறொரு சொல்லையும் காட்டினார். "ஓக்வேட்" என்பது அது. நயமற்றது, கைக்கு அடங்காதது, சங்கடமானது என்ற பொருள்களில் இன்று வழங்குவது. இதன் முன்னுறுப்பாகிய "ஓக்" என்பது, பண்டைக்காலத்திற் கடல்கடந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய ஸ்கந்திநாவிய மக்களின் மொழியிலிருந்து வந்தது. பின்புறமாகத் திருப்பப்பட்டது என்பதே அங்கு அதன் பொருள். 14ஆம் நூற்றாண்டில் "ஓக்வேட்" என்றால் தவறான திசையில் என்றே கொண்டனர். தனித்து நின்ற "ஓக்" காலப்போக்கில் வழக்கொழிந்தது; வாலைப் பற்றிக்கொண்டு இச்சொல்லில் மாத்திரம் உயிர்வாழ்கிறது. "இரண்டு சொற்களும் ஒரு பொருளோடு பிறந்தவை. ஒன்று மாணாக்கனுக்கு வந்து சேர்ந்தது. மற்றது, அவனை ஒரே சொல்லில் அளக்க முயல்வோர்க்கும் பொருந்தும்" என்று கூறி ஆசிரியர் சிரித்தார். பெரியவர் ஒருவர் என்னுடன் சேர்ந்து சிரித்தது அதுவே முதற்றடவை.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில், பூசை முடிந்ததும் நூலகத்துக்கு வருமாறு பணித்தார். பின்புறத்தைக் குறிக்கும் சொல் ஒன்றை ஒவ்வொரு கிழமையும் யான் தேடிக்கொண்டு போகவேண்டும். அதன் வரலாற்றை இருவரும் சேர்ந்து காணவேண்டும். இதுவே ஏற்பாடு.

முதற்கிழமை பெருமிதத்தோடு போனேன். கடன் செலுத்தாமல் எஞ்சி நிற்பதைப் பாக்கி என்கிறோம். அது "பாக்" என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டேன். ஆசிரியர் பொறுமையோடு கேட்டார். பாக்கி என்பது அரபு மொழியில் எஞ்சியிருப்பதைக் குறிக்குஞ் சொல் என்றும், பாரசீகம், இந்துஸ்தானி ஆகியவற்றின் வழியாகக் கச்சேரிக் கணக்குகளிற் புகுந்து தமிழுக்கு வந்தது என்றும், ஒலி ஒத்திருப்பதனால் உறவு என்று கொள்வது முகச்சாயலைக் கண்டு மாமன் என்று அழைப்பதை ஒக்கும் என்றும் விளக்கினார். யான் தலைகுனிந்தேன். அப்பொழுது அவர், "ஆனாலும் நீர் முற்றிலும் பிழைக்கவில்லை" என்று கூறிப் பாக்கியைக் குறிக்கும் "அரியேஸ்" என்னும் ஆங்கிலச் சொல்லைப் புரட்டிக் காட்டினார். இலத்தீனில் "ரெத்ரோ" என்றாற் பின்னே. "பின்னுக்கு" என்னும் பொருளில் அதிலிருந்து எழுந்த தொடர், பிரெஞ்சு மொழியிற் குறுகி ஆங்கிலத்துக்கு வந்தபோது அரியேஸ் ஆயிற்று. அதன் தலையெழுத்து உதிர்ந்து, படையின் பின்னணியைக் குறிக்கும் "றியர்" என்னுஞ் சொல்லும் உண்டாயிற்று. கடனும் பின்னணியும் இரட்டைப் பிள்ளைகள். ஒலியில் யான் தவறியபோதும், கருத்து வேறொரு வழியால் வந்து என்னைக் காத்தது. பிழையான விடையினுள்ளும் ஒரு சரியான எண்ணம் ஒளிந்திருக்கலாம் என்பதை அவர் அன்று எனக்குக் காட்டினார். இதனை இங்கு அழுத்திக் கூறுவதன் காரணம் பின்னர் விளங்கும்.

இவ்வாறு பல சொற்கள் வந்தன. துப்பாக்கி சுட்டவனைப் பின்னே உதைப்பதைக் குறிக்கும் "றிகொயில்" என்னுஞ் சொல்லின் நடுவே, அவையிற் கூறத்தகாத உடலுறுப்பு ஒன்றின் பிரெஞ்சுப் பெயர் அமர்ந்திருந்தது. ஆசிரியர் நூலகத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தியே அதனை விளக்கினார். அடங்காதவனைக் குறிக்கும் "றிகால்சிற்றன்ற்" என்னுஞ் சொல்லினுள், குதிகாலாற் பின்னே உதைக்குங் கழுதையைக் கண்டோம். அறிவுக்கு ஒவ்வாததைக் குறிக்கும் "பிறிப்பொஸ்ரறஸ்" என்பது முன் என்பதையும் பின் என்பதையும் அடுத்தடுத்து வைத்துக் கட்டிய சொல். பின்னே வரவேண்டியது முன்னே வந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஸ்கொத்துலாந்து மக்கள் வழங்கிய "விடர்ஷின்ஸ்" என்னுஞ் சொல், ஞாயிறு செல்லும் திசைக்கு மாறாகச் சுற்றுவதைக் குறிக்கும். அவ்வாறு சுற்றுவது ஆகாது என்பது அவர்களின் நம்பிக்கை. கோயிலை வலமாகவன்றி இடமாகச் சுற்றினால் என் பாட்டியார் பதறுவதைப் பார்த்திருந்த எனக்கு அச்சொல்லை ஒருவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஸ்கொத்துலாந்துக் கிழவி ஒருத்தியும் என் பாட்டியாரும் ஒரே வீதியில் ஒரே திசையாக நடப்பதை மனத்திற் கண்டேன். ஆங்கிலம் அந்நியமாயிருந்த அச்சம் அன்றே பாதி நீங்கிற்று.

இச்சொற்களுள் எல்லாம் யான் பெரிதாகப் போற்றுவது "றெற்றோகிறேட்" என்பதையே. பின்னே அடியெடுத்து வைத்தல் என்பது அதன் இலத்தீன் மூலப்பொருள். வானநூலார் கோள்களின் வக்கிரகதியை இதனாற் குறிப்பர். செவ்வாய் ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை, இரண்டு மாதங்களுக்கு மேலாக, விண்மீன்களிடையே வந்த வழியே திரும்பிச் செல்வதுபோலத் தோன்றும். பஞ்சாங்கக்காரர் அதனை வக்கிரம் என்று குறித்துவைப்பர். உண்மையிற் செவ்வாய் ஓர் அடிதானும் பின்வைப்பதில்லை. சூரியனுக்கு அணித்தாகிய பாதையில் விரைந்தோடும் பூமி, வெளிப்பாதையில் மெல்லச் செல்லும் செவ்வாயை முந்திச் செல்கிறது. புகையிரதத்தில் இருப்பவனுக்கு, பக்கத்துத் தெருவில் அதே திசையிற் போகும் மாட்டுவண்டி பின்னே போவதாகத் தோன்றுவது போன்றதே இது. பூமியும் ஏனைய கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன என்னும் கொப்பேர்னிக்கசின் நூல் 1543ஆம் ஆண்டில் வெளிவந்ததன்பின், இத்தோற்றத்தின் காரணம் எளிதிற் புலனாயிற்று.

ஆசிரியர் இதனை விளக்கி முடித்தபோது, என் தந்தையார் கேட்ட வினாவை அவருக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "உம்முடைய தகப்பனார் கொப்பேர்னிக்கசைப் படித்தவர்" என்றார்.

தமிழில் முன், பின் என்பவற்றின் போக்கும் வியப்புக்குரியது. முன்னே என்றால் முகத்துக்கு நேரே. முன்னாள் என்றால் கழிந்துபோன நாள். நமக்கு முன்னே வாழ்ந்து மறைந்தோர் முன்னோர். நமக்குப் பின்னே வருவோர் பின்னோர். ஆங்கிலத்திலும் முன்புறத்தைக் குறிக்கும் "பிபோர்" என்னுஞ் சொல்லே கழிந்த காலத்தையும் குறிக்கிறது. பின்னைக் காலத்தைக் குறிக்கும் "ஆப்டர்" என்பதும், கப்பலின் பிற்பகுதியைக் குறிக்கும் "ஆப்ட்" என்பதும் உறவுடையன. காலத்தை நீண்ட ஓர் ஊர்வலமாக எண்ணினால் இது விளங்கும். முந்திப் பிறந்தோர் முன்னே செல்கின்றனர். நாம் அவர்கள் முதுகைப் பார்த்தவண்ணம் நடக்கின்றோம். அவ்வூர்வலத்தில் யாருக்கும் பின் என்று சொல்லத்தக்கவர் யார்? ஒவ்வொருவனும் ஒருவனுக்குப் பின்னும் மற்றொருவனுக்கு முன்னுமாகவே இருக்கிறான்.

இவ்வளவையும் கற்ற யான், கற்றபடி நின்றேனா என்பதையும் கூறவேண்டும். இதுவரை எழுதியது இதற்கு முகவுரையே.

யானும் ஆசிரியனானேன். 1973ஆம் ஆண்டில், கரையோரத்துப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பித்துவந்தேன். பாய்க்கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் பெயர்பெற்ற பகுதி அது. அருகிலுள்ள வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட "அன்னபூரணி" என்னும் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, நம்மவரே ஓட்டிச்சென்று 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்திற் சேர்த்தனர் என்பது அன்பர்கள் அறிந்ததே. என் வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு மாணாக்கன் இருந்தான். அவனுடைய பாட்டனார் அத்தகைய கப்பல்களிற் பாய் இழுத்தவர். பையன் பேசமாட்டான், கேட்டால் எழுந்து நிற்பான், அவ்வளவே.

தவணைப் பரீட்சையில் "டேக்கன் அபாக்" என்னுந் தொடரை வாக்கியத்தில் வைத்து எழுதுமாறு கேட்டிருந்தேன். திடுக்கிட்டுத் திகைத்தல் என்பது யான் வகுப்பிற் சொல்லிக்கொடுத்த பொருள். ஏனைய மாணாக்கர், பாம்பைக் கண்டு திகைத்ததாகவும் பரீட்சைப் பெறுபேற்றைக் கண்டு திகைத்ததாகவும் எழுதினர். இவன் மாத்திரம், காற்று முன்னால் வந்தது, பாய் மரத்தோடு ஒட்டியது, கப்பல் பின்னே போயிற்று என்று, எழுத்துப் பிழைகளோடு மூன்று சிறு வாக்கியங்கள் எழுதியிருந்தான். கேள்வியையே விளங்கிக்கொள்ளவில்லை என்று எண்ணிக் குறுக்கே கோடிட்டுப் பூச்சியம் போட்டேன். அறிக்கையில், ஆங்கிலம் என்பதற்கு நேரே "பின்தங்கியவன்" என்று எழுதினேன். இம்முறை அதனைத் தமிழில் எழுதினேன். ஆதலால் அவன் வீட்டார் அயலவரிடம் கொண்டுசெல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. தமையனோடு தொழிலுக்குப் போய்விட்டான் என்றனர். இடாப்பில் அவன் பெயரை வெட்டினேன்.

ஆறு ஏழு ஆண்டுகளின்பின் ஒருநாள், கொழும்பில் நூலகம் ஒன்றில் ஒக்ஸ்போட் பேரகராதியின் முதற்றொகுதி கைக்கு எட்டியது. 1884ஆம் ஆண்டு தொடக்கம் 1928ஆம் ஆண்டு வரையிற் பகுதி பகுதியாக வெளிவந்த அப்பெருநூலின் முதற்பதிப்பு அது. பழைய வெள்ளிக்கிழமைகளின் நினைவாக, யான் தேடாது விட்டிருந்த "அபாக்" என்னுஞ் சொல்லைப் புரட்டினேன். பின்புறமாக என்பது அதன் பழம்பொருள். நான் பெற்ற "பாக்வேட்" என்பதற்கும் அதுவே மூத்த உறவு. அதன்பின் மாலுமிகள் அதனைத் தமதாக்கினர். குறுக்குப்பாய் கட்டிய கப்பலிற் காற்றுப் பின்னிருந்து வீசினாற் பாய் முன்னே புடைத்துக் கப்பலைச் செலுத்தும். திடீரெனக் காற்று முன்னிருந்து அடித்தால், பாய் மரத்தோடு அழுந்திக்கொள்ளும்; கப்பல் நின்றுவிடும், பின்னேயும் போகும். அந்நிலையே "டேக்கன் அபாக்" என்பது. மனிதரின் திகைப்பை அதனாற் குறித்தது பின்னாளைய வழக்கு.

நூலைப் பிடித்தபடி அசையாது நின்றேன். அத்தொடருக்கு மிகத் திருத்தமாகப் பொருள் எழுதியவன் அவ்வகுப்பிலே அவன் ஒருவனே. அவன் அகராதி பார்த்து எழுதினானல்லன். பாட்டனார் வாயிலாகக் கேட்ட கடலை எழுதினான். ஆசிரியனாகிய யான் அறியாததைக் கடைசி வாங்கில் இருந்தவன் அறிந்திருந்தான். நாங்கள் இருவரும் சென்ற வழிகள் வேறு. என் வண்டியிலிருந்து பார்த்த எனக்கு அவன் பின்னே போவதாகத் தோன்றிற்று. "ஆருக்குப் பின்னாலை?" என்று கேட்க அன்று என் தந்தையார் உயிரோடிருக்கவில்லை. நானாவது கேட்டிருக்கலாம், கேட்டேனல்லன்.

அந்தப் பாடசாலை இருந்த ஊருக்குப் பின்னர் இருமுறை போய் விசாரித்தேன். முதன்முறை அவன் தொழிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்தமுறை போனபோது, அக்குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டது என்பதற்கு மேல் ஒருவரும் அறியார். இப்பொழுது அவனுக்கு அறுபது வயதைக் கடந்திருக்கும். எங்கேனும் பேரப்பிள்ளைகளுக்குக் கடற்கதை சொல்லிக்கொண்டிருப்பான் என்று நம்ப விரும்புகின்றேன்.

மரியாதையைக் குறிக்கும் "றிஸ்பெக்ற்" என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தல் என்பதே இலத்தீன் மூலப்பொருள். கடந்து போனபின்னும் நின்று திரும்பிப் பார்க்கத்தக்கவர் எவரோ, அவரே மரியாதைக்குரியவர் என்று பழையோர் கருதினர் போலும். யூபிலியும் அத்தகைய திரும்பிப் பார்த்தலே. மண்டபச் சுவரிற் பொன்னெழுத்தாற் பெயர் பொறிக்கப்பட்டோரை நாம் திரும்பிப் பார்க்கின்றோம், அது முறையே. அப்பலகையில் இடம்பெறாமல், ஒரு சிவப்புமைச் சொல்லோடு வாயிலைக் கடந்து போனவர்களையும் அவ்வாறே திரும்பிப் பார்க்கவேண்டும் என்பது என் விண்ணப்பம். இன்று இக்கல்லூரியிற் கற்பிக்கும் இளம் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்பேன். பின்தங்கியவன் என்று எழுதப் பேனா எழும்பொழுது, யாருக்குப் பின், எந்த வழியில் என்பதையும் சேர்த்து எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடியாவிடின் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

அந்த மாணாக்கனுக்கு யான் செலுத்தவேண்டியது ஒரு முழுப்புள்ளி. அரியேஸ் என்றாலும் பாக்கி என்றாலும் கடன் கடனே. அவனைக் காணும் பேறு இனி எனக்குக் கிட்டுமோ அறியேன். கணக்கையாவது எல்லோரும் காண இங்கே எழுதிவைக்கின்றேன்.

கல்லூரித் தாய் நீடு வாழ்க.